ஒன்ராறியோவில் நான்கு கஞ்சாச் செடி: எந்த விதையைப் போடலாம்?

ஒக்டோபர் முதல் வாரம் வந்தால் ஸ்காபரோவில் பாதித் தமிழ் வீடுகளில் ஒரே வேலைதான் நடக்கும். கறிவேப்பிலைச் சாடியை டெக்கில் இருந்து உள்ளே தூக்குவது. முருங்கை வைத்திருப்பவர்கள் அதையும் தூக்குவார்கள். இன்றிரவு உறைபனி விழுமா என்று ஃபோனைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒருநாள் பின்னேரம் அப்பா ஒரு பக்கம் மகன் ஒரு பக்கமாகப் பிடித்து, கதவு நிலையில் ரெண்டு தரம் இடித்து, யன்னலோரம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

கஞ்சாச் செடிக்கு அந்த வழி இல்லை. ஆறடி ஏழடி வளர்ந்து கிளையெல்லாம் பூக்கொத்தாகத் தொங்கும் ஒன்றை வரவேற்பறைக்குள் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் அந்த மணத்தோடு ஆள் குடியிருக்க முடியாது. வெளியில் நட்டால் அது வெளியிலேயே முற்றி, உறைபனிக்கு முன்னர் வெட்டப்பட வேண்டும். விதைப் பட்டியலைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும் பெயர்கள் அறுபது இருக்கும். பெயரில் இருந்தோ, பக்கற்றில் பெரிதாகப் போட்டிருக்கும் டிஎச்சி (போதை தரும் பொருள்) சதவீதத்தில் இருந்தோ தொடங்காமல், இந்த ஒக்டோபரில் இருந்து பின்னோக்கி எண்ணினால் அதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும். நான் இதை இரண்டு வருடம் பிழைவிட்டுத்தான் படித்தேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 இல் இருந்து கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர்கள் வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். நான்கு என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. அம்மம்மா முதல் பேரன் வரை ஆறு பெரியவர்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்தாலும் நான்குதான். விதை சட்டபூர்வமான கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். விளைந்ததை விற்கக்கூடாது, தெரிந்த பெரியவர் ஒருவருக்குச் சும்மா கொடுப்பதென்றால் 30 கிராம் வரை கொடுக்கலாம். வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் தடுத்திருந்தாலோ கொண்டோ அடுக்குமாடி நிர்வாகம் விதி போட்டிருந்தாலோ அதையும் பார்க்க வேண்டும். மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஆசை காட்டாதீர்கள்: கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பது தடை, அந்தத் தடை செல்லும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்து வாசிப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது, அங்கே வீட்டில் ஒரு செடி நட்டாலும் வழக்குத்தான். ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் விதை போட்டு எல்லை தாண்டுவது எந்தப் பக்கத்துக்கும் குற்றம்.

நான்கே செடி என்பதால்தான் தெரிவு இவ்வளவு முக்கியமாகிறது. மிளகாய் என்றால் பத்து இனத்தைப் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பட்டுப்போனாலும் கவலை இல்லை. இங்கே ஒன்று பட்டுப்போனால் கால்வாசி போய்விட்டது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நமக்கு வேண்டிய பூக்கொத்து பெண் செடியில்தான். சாதாரண விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆணாகப் போகலாம், அது தெரியப் பல வாரம் ஆகும். ஆணை ஒரு நாள் தாமதித்துப் பிடுங்கினாலும் மகரந்தம் பறந்து மற்றதெல்லாம் விதை பிடித்துவிடும். ஆகவே பெண் செடியாகவே வருமாறு உண்டாக்கிய விதை, கடையில் ‘ஃபெமினைஸ்ட்’ என்று எழுதியிருப்பது, அதையே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. விதைக்காரர்கள் சொல்லும் இனங்களை ஒன்ராறியோவின் நாட்காட்டிக்கு முன்னால் நிறுத்தினால் மூன்று கூட்டமாகப் பிரியும். வெப்பமண்டலத்துச் சத்திவா, மலைநாட்டு இண்டிகா, பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத ஓட்டோஃபிளவர்.

சாதாரணக் கஞ்சாச் செடி பூப்பது வயதைப் பார்த்து அல்ல, இரவின் நீளத்தைப் பார்த்து. ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்குக் கிட்ட நீளும். அவ்வளவு வெளிச்சம் இருக்கும்வரை செடி இலையும் கிளையுமாகத்தான் போகும். ஓகஸ்ட் நடுப்பகுதியில் பகல் பதினாலு மணி நேரத்துக்குக் குறைந்து இரவு நீளத் தொடங்கும்போதுதான் பூக்க நினைக்கும். விதைப் பக்கற்றில் ‘பூக்கும் காலம் 9 வாரம்’ என்று எழுதியிருந்தால் அதை ஓகஸ்ட் 15 இல் இருந்து எண்ணுங்கள், ஒக்டோபர் 17 வரும். 8 வாரம் என்றால் ஒக்டோபர் 10. பக்கற்றில் இருப்பது பெரும்பாலும் மின்விளக்குக்குக் கீழே எண்ணிய கணக்கு என்பதால் வெளியில் ஒரு வாரம் கூடப் பிடிக்கும். ஏரிக்கரைப் பக்கத்து வீடுகளுக்கு உறைபனி சிலவேளை ஒக்டோபர் கடைசி வரை தள்ளிப்போகும். மார்க்கம், ஸ்டூஃப்வில் பக்கம் அவ்வளவு தயவு கிடையாது. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும். நான் போடாமல் விட்டேன்.

முதல் வருடம் நான் வாங்கியது ‘ஹேஸ்’ வழியில் வந்த ஒன்று. 1970களில் கலிபோர்னியாவில் உருவானதாகச் சொல்லப்படும் இந்தப் பரம்பரைக்குள் கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்துச் செடிகளோடு தென்னிந்தியச் செடியும் கலந்திருக்கிறது என்று விதைக்காரர்கள் கதை சொல்வார்கள். நம்ம பக்கத்து இரத்தம் என்று ஒரு அற்ப சந்தோஷம், வேறென்ன. ஆனால் நம்ம பக்கம் என்பதுதான் அதன் குறையே. இடுக்கி மலையில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது, குளிரும் வராது. அந்தச் செடிக்கு அவசரம் என்ற ஒன்றே தெரியாது. பூக்கத் தொடங்கினால் பன்னிரண்டு, பதினாலு வாரம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளும். ஓகஸ்ட் 15 இல் இருந்து பதினாலு வாரம் என்றால் நவம்பர் 21. அந்த நேரம் இங்கே காருக்குக் குளிர்கால டயர் மாட்டியிருப்போம்.

வேலிக்கு மேலாக ஒரு அடி உயர்ந்து, பார்க்கவே அழகாக நின்றது அது. ஒக்டோபர் 20 வரை கொத்துகளில் வெள்ளை நார்தான் நீண்டுகொண்டிருந்தது, ஒன்றும் பருக்கவில்லை. பிறகு ஒரே இரவு. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி. வெட்டிக் கராஜில் தொங்கவிட்டேன். காய்ந்தபின் மணந்தது வைக்கோல்.

ஆகவே தூய வெப்பமண்டலச் சத்திவாவை ஒன்ராறியோவில் வெளியில் போடுவதை மறந்துவிடுங்கள். தாய், கொலம்பியன், ஹேஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. இதில் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்வேன், ‘டேர்பன் பாய்சன்’. பெயர் பயமுறுத்தும், ஆனால் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்துப் பெயர்தான் அது. 1860 இல் சென்னையில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் போய் இறங்கிய அதே டேர்பன். அந்தப் பக்கத்தில் கஞ்சா அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது, அங்கே அதற்கு ‘டக்கா’ என்று பெயர். டேர்பன் தெற்கே 30 பாகையில் இருக்கிறது. பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடங்களைப் போல இல்லாமல் அங்கே பருவம் மாறுவது செடிக்குத் தெரியும். பிறகு ஒல்லாந்தில் வெளித் தோட்டத்துக்கு ஏற்ற மாதிரி அதைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்டோபர் முதல் பத்து நாளுக்கும் இடையில் முற்றிவிடும் என்று பெயரெடுத்த சத்திவா இது.

அடுத்த கூட்டம் இண்டிகா. ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப் பக்கத்தில் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின், எடுப்பதற்காக வளர்க்கப்பட்ட செடிகளின் வழி. குட்டை, அகன்ற இலை, நெருக்கமான கொத்து, ஏழு முதல் ஒன்பது வாரத்தில் முற்றும். ‘ஹிந்து குஷ்’, ‘நோர்தர்ன் லைட்ஸ்’, குஷ் என்று முடியும் பெயர்களில் பாதி எல்லாம் இந்த வழிதான். மலைநாட்டில் குளிர் சீக்கிரம் வரும் என்பதால் சீக்கிரம் முற்றும் குணம் அதன் பரம்பரையிலேயே இருக்கிறது. கேட்டால் ஒன்ராறியோவுக்கென்றே படைத்தது போலத் தோன்றும். இரண்டாவது வருடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்துகுஷ் மலையில் இலையுதிர்காலம் வறண்டது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒன்ராறியோச் செப்டெம்பர் அப்படியல்ல. பகலில் வெயில், இரவில் குளிர், விடிய எழும்பினால் டெக்கில் கால் வைக்க முடியாத ஈரப் பனி. கொத்து எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அந்த ஈரம் உள்ளே தங்கும். செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் பார்க்கிறேன், நடுத்தண்டின் மிகப் பெரிய கொத்தில், என் முழங்கை நீளம் இருக்கும், ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடி நின்றது. சுற்றி எல்லாம் பச்சை. பிடித்து இழுத்தேன், கொஞ்சமும் தடையில்லாமல் கையோடு வந்தது. கொத்தை விரலால் பிரித்தால் உள்ளே தண்டு மண்ணிறமாகக் குழைந்து, அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பஞ்சு. தொட்டதும் புகை மாதிரித் தூசு பறந்தது. போட்றைற்றிஸ் என்று இந்தப் பூஞ்சணத்துக்குப் பெயர், ஸ்ட்ரோபெரியையும் முந்திரிகையையும் அழுகவைக்கும் அதே ஆள். கீழே வண்டுக் கறுப்பில் எச்சம் கிடந்தது. புழு துளைத்த இடத்தில் இருந்துதான் அழுகல் தொடங்கியிருக்கிறது. அடுத்த நாலு நாளில் செடியில் பாதி போய்விட்டது. நல்லது கெட்டது பிரித்துக் காயவைக்கலாம் என்று மனம் சொல்லும். பூஞ்சணம் பிடித்த கொத்தை வெட்டியெறிவதைத் தவிர வேறு வழியில்லை. அதைப் புகைத்து நுரையீரலுக்குள் இழுப்பது விளையாட்டல்ல.

இங்கேதான் இரண்டு கூட்டத்துக்கும் இடையில் உள்ள இழுபறி தெரிகிறது. சத்திவாவின் கொத்து தளர்வானது, காற்று ஓடும், அழுகாது, ஆனால் முற்றாது. இண்டிகா முற்றும், ஆனால் முற்றுவதற்குச் சற்று முன்னர் அழுகும். வெளியில் நடுவதென்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றைத் தேட வேண்டும்: ஏழு வாரம், அதிகம் போனால் எட்டு வாரத்தில் முடிய வேண்டும், பூஞ்சணத்தைத் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒல்லாந்துக்காரர்களுக்கும் இதே ஈரமான இலையுதிர்காலம்தான், அதனால் அவர்கள் வெளித் தோட்டத்துக்கென்று உருவாக்கிய ‘ஹொலண்ட்ஸ் ஹோப்’ போன்றவை நமக்குச் சரிவரும். பெயரில் ‘ஏர்லி’ என்று தொடங்குபவையும் பொதுவாக இந்தக் கணக்கில் உருவானவை. இவற்றுக்கு நவீன இனங்களின் கவர்ச்சி கிடையாது. டிஎச்சியும் குறைவாகத்தான் போட்டிருக்கும். அதற்காக ஒதுக்காதீர்கள்.

மூன்றாவது, ஓட்டோஃபிளவர். கதை சுவாரசியமானது. ரஷ்யாப் பக்கத்தில் வழியோரமும் தரிசு நிலத்திலும் தானாக முளைக்கும் குட்டைக் கஞ்சாவை 1924 இல் யனிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் ‘ரூடராலிஸ்’ என்று பெயரிட்டு விவரித்தார். அங்கே கோடை அவ்வளவு குறுகியது, பகல் குறையும்வரை காத்திருந்தால் விதை முற்றாது. அதனால் அந்தச் செடி சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டு வயதைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மூன்று நாலு வாரமானால் பூக்கும், பகல் எத்தனை மணி நேரமாக இருந்தாலும். தனியே அதில் போதைக்கோ மருந்துக்கோ ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்து மற்ற இனங்களோடு கலந்ததில் வந்தவைதான் இன்றைய ஓட்டோஃபிளவர்கள். 2000களின் தொடக்கத்தில் ‘லோரைடர்’ என்ற பெயரில் முதலாவது பரவலாக விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் வந்தவை பலவீனமானவை என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். இப்போது அப்படியில்லை.

விக்ரோரியா தின வார இறுதியில், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமையை ஒட்டி, நேரே சாடியில் விதையைப் போட்டால் பத்து வாரத்தில், ஓகஸ்ட் தொடக்கத்தில், வெட்டிவிடலாம். ஈரப் பனியும் இல்லை, உறைபனியும் இல்லை, கோடை நடுவிலேயே கணக்கு முடிந்துவிடும். ஜூலை நடுவில் இன்னொரு விதை போட்டால் செப்டெம்பர் கடைசிக்குள் இரண்டாவது தரமும் எடுக்கலாம். எந்த நேரத்திலும் நான்குக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் இடுப்பளவுதான் வரும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலிக்கு மேலால் காட்சி கொடுக்காது.

குறை இல்லாமல் இல்லை. விளைச்சல் சின்னது. நிலத்தில் நட்ட ஒரு பெரிய செடி நன்றாக வந்தால் தரும் அளவை எடுக்க நாலைந்து ஓட்டோஃபிளவர் வேண்டும். சாடியில் இருப்பது ஒன்றிரண்டு அவுன்ஸ் தந்தாலே சந்தோஷப்படலாம். கிளையை வெட்டி வேர்விடவைத்து அடுத்த வருடத்துக்குக் காப்பாற்ற முடியாது, ஒவ்வொரு தரமும் விதை வாங்கவேண்டும். பெரிய குறை என்னவென்றால் அது மன்னிக்காது. சாதாரணச் செடி ஜூனில் வாடினால் ஜூலையில் தேறிவிடும். இதற்கு மொத்த ஆயுளே பத்து வாரம், முதல் மூன்று வாரத்தில் குறண்டினால் குறண்டியதுதான். சாடி மாற்றினாலும் சுணங்கும். அதனால் தொடக்கத்திலேயே பதினைந்து லீற்றர் அளவுக் கடைசிச் சாடியில் போட்டுவிட வேண்டும், தக்காளிக்குப் போடும் பசளையில் பாதியே போதும். அப்புறம் அணில். ரொறன்ரோ அணிலுக்குப் புது மண் கண்டால் கை சும்மா இராது. விதை போட்ட மூன்றாம் நாள் காலை இரண்டு சாடி கிண்டி வைத்திருந்தது, பத்து டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய விதை எங்கே போனதென்று தெரியாது. கோழிக்கூட்டுக் கம்பிவலையை வட்டமாக வெட்டி சாடியின் மேல் கவிழ்த்தபிறகுதான் தொல்லை ஓய்ந்தது.

மிசிசாகாவில் கொண்டோவில் இருக்கும் என் மச்சான் போன சித்திரையில் கேட்டார், “பல்கனியில ரெண்டு வைக்கலாமெண்டு நினைக்கிறன், எதைப் போடுறது?” முதலில் கட்டட விதியைப் பார்க்கச் சொன்னேன். அதில் தடை இல்லை என்று வந்தபிறகு என் பதில் ஓட்டோஃபிளவர்தான், வேறு யோசனையே இல்லை. பல்கனியில் இரவு முழுக்கத் தெருவிளக்கும் எதிர்க் கட்டட வெளிச்சமும் விழும். இருட்டை நம்பிப் பூக்கும் செடி அங்கே குழம்பிப்போகும், ஓட்டோஃபிளவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மணத்தைப் பற்றியும் சொன்னேன். ‘ஸ்கங்க்’ என்ற பெயரை, நாற்றத்தைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கை நினைத்துத்தான் வைத்தார்கள், ‘சீஸ்’, ‘டீசல்’ என்பவையும் பெயருக்குத் துரோகம் செய்யாதவை. மணம் குறைந்தது என்று பெயரெடுத்தது நோர்தர்ன் லைட்ஸ், அதன் ஓட்டோஃபிளவர் வடிவமும் கிடைக்கிறது. குறைந்தது என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. கடைசி மூன்று வாரம் மேல்மாடிக்காரருக்கு நிச்சயம் தெரியும்.

மார்க்கத்தில் அக்கா வீட்டில் கதை வேறு. அவருக்குப் பேஸ்மென்ட் இருக்கிறது, அத்தான் செடி வளர்க்கும் கூடாரமும் எல்ஈடி விளக்கும் வாங்கத் தயார். உள்ளே வளர்ப்பதென்றால் ஒக்டோபர் என்ற பேச்சே இல்லை. பகலையும் இரவையும் நாம்தான் தீர்மானிக்கிறோம். பன்னிரண்டு மணி நேர இருட்டைக் கொடுத்தால் அடுத்த இரண்டு வாரத்தில் பூக்கும். அங்கே இண்டிகாவின் குறைகள் எல்லாம் மறைந்து நிறைகள் மட்டும் நிற்கும். குட்டையாக இருப்பதால் கூடாரக் கூரையில் முட்டாது, எட்டு வாரத்தில் முடிவதால் மின்கட்டணம் குறையும், விசிறி ஓடினால் ஈரம் தங்காது. ஹேஸ் போட ஆசைப்பட்டவர்கள் உள்ளே போடலாம், ஆனால் பதினாலு வாரம் விளக்கெரிக்கும் செலவும், கூரையைத் தொட்டதும் வளைத்துக் கட்டும் வேலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவில் இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு வரை மிகமலிவாக மின்சாரம் தரும் கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வார நாட்களில் பின்னேரம் நாலு முதல் ஒன்பது வரை விலை எகிறும். அதனால் செடியின் ‘பகலை’ இரவு ஒன்பதில் இருந்து காலை ஒன்பது வரை வைக்கச் சொன்னேன். அத்தானுக்கு இந்த யோசனை செடியைவிடப் பிடித்துப்போனது. மணத்தை அடக்கும் கரி வடிகட்டியும், பேஸ்மென்ட் ஈரத்தை இழுக்கும் இயந்திரமும் வாங்காமல் தொடங்கவேண்டாம். வீட்டுக் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இனி, டிஎச்சி. கடைக்காரர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள், நான் கடைசியில் வைத்திருக்கிறேன். 28, 30 என்று பக்கற்றில் இருக்கும் எண் நல்ல நிலையில் ஆய்வுகூடத்துக்குப் போன ஒரு கொத்தின் எண். நம்ம வேலியோரத்தில் அது வராது. வந்தாலும் வேண்டுமா என்று கேட்கிறேன். கூடிய டிஎச்சி, குறிப்பாக இளம் வயதிலும் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கும், ஆபத்தைக் கூட்டுகிறது என்று கனடாச் சுகாதார வழிகாட்டல்களே குறைந்த சதவீதத்தைத்தான் தெரிவுசெய்யச் சொல்கின்றன. பத்துப் பன்னிரண்டு சதவீதம் உள்ள பழைய இனம் ஒன்றைத் தேடி வாங்குவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

‘சத்திவா உற்சாகம், இண்டிகா தூக்கம்’ என்று கடையில் சொல்லும் வாய்பாட்டையும் அதிகம் நம்பவேண்டாம். லின்னேயஸ் 1753 இல் சத்திவா என்றும், லமார்க் 1785 இல் இந்தியச் செடியைப் பார்த்து இண்டிகா என்றும் பெயர் வைத்தது செடியின் தோற்றத்துக்கு, உற்சாகமா தூக்கமா என்று பார்த்து அல்ல. 2015 இல் கனடிய ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடைப்பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு வேறாக இருந்த மாதிரிகள் பல. எத்தனை வாரம், எவ்வளவு உயரம் என்பதற்கு அந்தச் சொற்கள் உதவும், அவ்வளவுதான். மணத்தை வேண்டுமானால் நம்பலாம்: மிளகில் இருக்கும் கரியோஃபிலீன், தோடம்பழத் தோலில் இருக்கும் லிமொனீன், இவையே கஞ்சாக் கொத்திலும் இருக்கின்றன, பிடித்த மணம் எது என்று மூக்குக்குத் தெரியும்.

முழங்கால் நோவுக்குப் பெரியப்பா கேட்டது சிபிடி, கஞ்சாவில் இருக்கும் போதை தராத பொருள். “வெறிக்காத கஞ்சா இருக்காமே, ரெண்டு கண்டு வைச்சுத் தா.” சிபிடி இனங்கள் இருக்கத்தான் செய்கின்றன, ‘ஏசிடிசி’, ‘ஹார்லிக்வின்’ என்று. ஆனால் டிஎச்சியும் சிபிடியும் சரிபாதி என்று சொல்லி விற்கும் விதைகளில் ஒரு சூது உண்டு. அந்தக் கலப்பை நிலைப்படுத்தாத விதை என்றால் நாலில் ஒன்று முழு டிஎச்சிப் பக்கமும், ஒன்று முழு சிபிடிப் பக்கமும், இரண்டுதான் நடுவிலும் விழும். எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எழுபத்தெட்டு வயது மனிதருக்கு அந்தச் சீட்டிழுப்பு வேண்டாம். அளவு எழுதிய எண்ணெயைக் கடையில் வாங்கித் தரலாம் என்றேன், அதுவும் வைத்தியரைக் கேட்டபிறகு. பெரியப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார், சிபிடி அதோடு மோதும்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கு ஒன்ராறியோக் கடைகளில் ஒரு அவுன்ஸ் நூறு டொலருக்கும் அதற்குக் கீழும் கிடைக்கிறது. விதை, மண், சாடி, வலை, அணில் எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கையைக் கடிக்கும். தோட்டத்தில் ஆசை இருப்பவருக்குத்தான் இது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ நாயோ இருந்தால், காயவைத்ததைப் பூட்டி வைக்க ஒரு அலுமாரியையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

இந்த வருடம் என் பின்வளவில் இரண்டு சாடியில் ஓட்டோஃபிளவர், வேலியோரம் தெற்கு வெயில் விழும் இடத்தில் ஒரு டேர்பன். மழை பெய்த மறுநாள் காலையில் போய் டேர்பனின் தண்டைப் பிடித்து உலுப்பித் தண்ணீரை உதிர்ப்பது செப்டெம்பர் வேலை. நாலாவது இடத்துக்கு ஹொலண்ட்ஸ் ஹோப் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் பாவற்பந்தல் போடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். பந்தலுக்குக் கம்பு நேற்றே வந்துவிட்டது.